தேன்சிட்டுக் குஞ்சுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம்

கோடை தொடங்கினால் போதும், நான் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவமனைக்கு நாய், பூனைகளோடு ஷூ பெட்டிகளும் வர ஆரம்பித்துவிடும். மூடியைத் திறந்தால் பஞ்சுக்கு நடுவில் ஒரு தேன்சிட்டுக் குஞ்சு. கொண்டுவருபவர்கள் எல்லோரும் இரக்கமுள்ளவர்கள்தான். "இங்க் ஃபில்லர்ல சர்க்கரைத் தண்ணி விட்டோம் டாக்டர், நல்லாத்தான் குடிச்சுது, காலையில பார்த்தா சோர்ந்து கெடக்கு" என்பார்கள்.

பெரிய சிட்டு பூவில் தேன் குடிப்பதைப் பார்த்தே பழகியதால், குஞ்சுக்கும் அதுதான் சாப்பாடு என்று நினைத்துவிடுகிறோம். கூட்டுக்கு எட்ட நின்று கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். தாயும் தகப்பனும் மாறி மாறிக் கொண்டுவருவது பெரும்பாலும் சிலந்தி, சின்னப் புழு, பூச்சி. முட்டையிலிருந்து வெளிவரும்போது ஒற்றை இறகுகூட இல்லாத குஞ்சு, இரண்டரை வாரத்தில் பறந்தாக வேண்டும். இறகு என்பது முக்கால்வாசிக்கு மேல் புரதம். சர்க்கரையில் அது ஏது?

இன்னொரு ஆபத்தும் உண்டு. பறவைகளுக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கும். நாம் பாசத்தோடு பிழிந்துவிடும் சொட்டு நேராக நுரையீரலுக்குள் போய்விடலாம். பாலில் நனைத்த ரொட்டி இன்னும் மோசம். பாலின் சர்க்கரையைச் செரிக்கும் வசதி பறவைக் குடலில் கிடையாது.

சரி, குஞ்சு கீழே கிடந்தால் என்ன செய்வது? முதலில் இறகைப் பாருங்கள். உடம்பெல்லாம் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக இருந்து, தத்தித் தத்தி நகர்ந்தால் அது அனாதை இல்லை, பறக்கப் பழகுகிறது. பக்கத்துச் செடியின் கிளையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். நாம் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றால் தாய் எப்படி வரும்? இறகு முளைக்காத குஞ்சு என்றால் மெதுவாக எடுத்துக் கூட்டுக்குள் விடலாம். கூடே அறுந்து விழுந்திருந்தால் அதே இடத்தில் நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. ஆனால் அடிக்கடி எட்டிப் பார்ப்பதும், கிளையை விலக்கி செல்ஃபி எடுப்பதும் கூட்டைக் கைவிட வைக்கும், குறிப்பாகக் கட்டிக்கொண்டிருக்கும்போதும் முட்டை இட்ட புதிதிலும்.

பூனை கவ்விய குஞ்சு மட்டும் விதிவிலக்கு. மேலே காயமே தெரியாவிட்டாலும், ஊசி முனை அளவு பல் பட்ட இடத்தில் பூனை வாயின் கிருமி ஏறிவிடும். அன்றைக்கே ஆன்டிபயாட்டிக் வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றால் பிழைக்காது. கண்ணாடி ஜன்னலில் மோதி மயங்கிக் கிடக்கும் பெரிய பறவையைக் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் வையுங்கள். பல சமயம் தானே தெளிந்துவிடும். ஜன்னலோரம் பெட்டியைத் திறந்தால் போய்விடும்.

கூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் குஞ்சுகள் என்னிடம் வருவதே துடைப்பத்தால்தான். நம் வீடுகளில் அதிகம் கூடு கட்டுவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. காலிங் பெல் ஒயர், துணிக்கொடி, மணிபிளான்ட் கொடி என எங்கே வேண்டுமானாலும் தொங்கவிடும். கட்டுவது பெண், ஆண் பெரும்பாலும் கூடவே பறந்துகொண்டிருக்கும். சிலந்தி வலையை அலகில் சுற்றிக் கொண்டுவந்து, நாரையும் சருகையும் அதனால் ஒட்டி, வெளியே மரப்பட்டைத் துணுக்கு, கம்பளிப்புழுவின் எச்சம் என்று தொங்கவிட்டிருக்கும். பக்கவாட்டில் வாசல், அதற்கு மேல் சின்னதாக ஒரு தாழ்வாரம். உள்ளே இலவம்பஞ்சு மெத்தை. வெளியிலிருந்து பார்த்தால் குப்பை சிக்கித் தொங்குவதுபோல் இருக்கும். பாம்பையும் காக்கையையும் ஏமாற்றத்தான் அந்த வேஷம் என்று தோன்றுகிறது. ஏமாறுவது பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும் நாம். பெரும்பாலும் இரண்டு முட்டை, அடைகாக்க இரண்டு வாரம், அப்புறம் இரண்டரை வாரம். ஒரு மாதத்துக்குச் சற்று மேல் துணிக்கொடியை வேறு பக்கம் மாற்றிக் கட்டினால் முடிந்தது வேலை.

அடிக்கடி வரும் இரண்டு கேள்விகள். ஒன்று, "கார் கண்ணாடியை நாள் முழுக்கக் கொத்துது, பைத்தியமா?" இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் தன் எல்லைக்குள் வந்த எதிரி என்று பிம்பத்தோடு சண்டை போடுகிறது. ஒரு துணிப்பையைக் கண்ணாடியில் மாட்டிவிடுங்கள். இரண்டாவது, "கறுப்பா பளபளன்னு இருந்தது, இப்ப சொட்டை சொட்டையா மஞ்சளாயிடுச்சு, நோயா?" அது ஊதாத் தேன்சிட்டின் ஆண். சீசன் முடிந்ததும் அந்தப் பளபளப்பை உதிர்த்துவிட்டு, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோடு மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு, பெண்ணைப்போலவே மாறிவிடும். மருந்து எதுவும் தேவையில்லை.

இதை 'ஹம்மிங்பேர்ட்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது. அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் தேன் குப்பிகளும் நமக்கு வேண்டாம். நம் வெயிலில் சர்க்கரைக் கரைசல் சீக்கிரம் புளித்துவிடும்.

அதற்குப் பதில் ஒற்றை அடுக்குச் செம்பருத்தி, இட்லிப்பூ, வாழை, முருங்கை எது முடியுமோ அதை வையுங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் மண்ணில் ஊற்றும் பூச்சிமருந்துக்குப் போகாதீர்கள். இமிடாகுளோபிரிட் போன்றவை வேர் வழியாக ஏறிப் பூந்தேனிலும் கலக்கும். சோப்புத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் அடங்கும். மாடத்தின் ஒரு மூலையில் சிலந்தி வலையை விட்டுவைப்பதும் நல்லது. கூட்டுக்கு நூலும் அங்கேதான், குஞ்சுக்குச் சோறும் அங்கேதான்.

எல்லாம் செய்தும் பெற்றோர் பாதி நாள் வரவில்லை என்றால் தாமதிக்காமல் வனத்துறைக்கோ பறவை பார்க்கும் கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது. உதவி வரும்வரை பெட்டிக்கு வெளியே வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தால் போதும், வாயில் எதுவும் விடாதீர்கள்.