லைப்போசோம் மருந்து ஏற்றிய நாயின் உடலில் எங்கே பார்க்க வேண்டும்?

"லைப்போசோம் ஊசி என்றால் பக்கவிளைவே இருக்காதாமே டாக்டர்?" புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நாயை அழைத்து வருபவர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். இருக்கும். வழக்கமான இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் வரும். அந்த இடம் தெரியாததால்தான் பல நேரம் தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம்.

லைப்போசோம் என்பது மருந்தைச் சுமக்கும் நுண்ணிய கொழுப்புக் குமிழி. டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தின் சாதாரண வடிவம் நாயின் இதயத் தசையைக் கெடுக்கும். குமிழிக்குள் அடைத்துக் கொடுத்தால் இதயம் பெருமளவு தப்பிக்கிறது. ஆனால் அந்தக் குமிழிகள் ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தோலில் போய்ச் சேர்கின்றன.

பாதிப்பு பெரும்பாலும் முதல் டோஸில் தெரியாது. அடுத்தடுத்த டோஸ்களில்தான் தலைகாட்டும். நாய் பாதத்தை விடாமல் நக்கும். அக்குளையும் தொடையிடுக்கையும் விலக்கிப் பார்த்தால் தோல் சிவந்திருக்கும். அப்புறம் முடி கொட்டும், பொருக்குத் தட்டும், தோல் உரிந்து புண்ணாகும். பாத மெத்தை புண்ணானால் காலை ஊன்றவே தயங்கும். இதை அலர்ஜி என்றோ உண்ணிக்கடி என்றோ நினைத்துக் களிம்பு தடவிவிட்டு, அடுத்த டோஸுக்கு அப்படியே அழைத்து வந்துவிடுகிறார்கள். அந்த நிலையில் மருந்து ஏற்றினால் புண் பலமடங்கு மோசமாகும்.

நாய்களுக்கு லைப்போசோம் டாக்சோரூபிசினின் வழக்கமான அளவு கிலோவுக்கு 1 மி.கி., 3 வாரத்துக்கு ஒருமுறை. தோல் சிவந்திருந்தால் டோஸைத் தள்ளிப்போடலாம், குறைக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம். பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6 சேர்த்துக் கொடுத்த நாய்களில் இந்தப் பாதிப்பு தாமதமாகவும் லேசாகவும் வந்தது ஆய்வில் தெரிந்திருக்கிறது. அக்குளில் உரசும் இறுக்கமான பட்டையைக் கழற்றிவிடுங்கள்.

முதல் டோஸிலேயே வரக்கூடிய ஆபத்து ஒன்றும் உண்டு. ட்ரிப் தொடங்கிய சில நிமிடங்களில் வாந்தி, தோல் சிவப்பு, தள்ளாட்டம், ரத்த அழுத்தச் சரிவு வரலாம். அந்த மருந்தை முன்பு பெற்றிராத நாய்க்கும் இது வரும். மெதுவாகத் தொடங்கி, பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும்.

சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. பூஞ்சை நோய்க்குத் தரும் ஆம்ஃபோடெரிசின் பி இரண்டு வடிவிலும் வருகிறது. பழைய வடிவத்தை நாய்க்குக் கிலோவுக்கு 0.5 மி.கி. அளவில் தருவோம், கொழுப்பு சேர்ந்த வடிவத்தை அதைப்போலப் பல மடங்கு தரலாம். பெயரின் முதல் பாதியை மட்டும் படித்து, கொழுப்பு வடிவத்துக்கான அளவில் பழைய வடிவத்தை ஏற்றினால் சிறுநீரகம் போய்விடும், உயிரும் போகலாம். குப்பியின் முழுப் பெயரையும் இருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். லைப்போசோம் வடிவத்திலும் சிறுநீரகப் பாதிப்பு குறையுமே தவிர மறையாது. ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரக நிலையைக் காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்காமல் அடுத்த டோஸ் வேண்டாம். டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரைக் கரைசல்) தான் கலக்க வேண்டும், சலைனில் (உப்புக் கரைசல்) வீழ்படிவாகும்.

அறுவைக்குப் பிந்தைய வலிக்குப் போடும் லைப்போசோம் பியூபிவக்கெயின் என்ற மரத்துப்போகும் மருந்தோடு, அதே வகையைச் சேர்ந்த லிடோகெயினைக் கலக்கவே கூடாது. 3 நாள் மெல்லக் கசிய வேண்டிய மருந்து மொத்தமாக வெளியே வந்துவிடும்.

வீட்டில் இருப்பவர்கள் தினமும் ஒருமுறை நாயை மல்லாக்கப் படுக்கவைத்து நான்கு பாதம், அக்குள், தொடையிடுக்கு மூன்றையும் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் போட்டோ எடுத்து, அடுத்த டோஸ் தேதிக்குக் காத்திராமல் அன்றே அனுப்புங்கள்.