பலூடிகல்ச்சர் ‘ஈரநில வேளாண்மை’ அல்ல

சுற்றுச்சூழல் கட்டுரைகளில் ‘பலூடிகல்ச்சர்’ வந்தால் போதும், ‘ஈரநில வேளாண்மை’ என்று போட்டுவிடுகிறார்கள். அதையும் ஐரோப்பாவின் புதுமை என்கிறார்கள். நன்செய் உழும் எவருக்கும் சிரிப்புத்தான் வரும்.

லத்தீனில் ‘பலூஸ்’ என்றால் சதுப்பு, ‘குல்த்தூரா’ பயிரிடுதல். ஒட்டிச் சொல்லாக்கியவர்கள் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.

சொல்லை விடுவோம், செயலைப் பார்ப்போம். தேங்கிய நீரில் காற்றுப் படாமல், செடிகள் முழுதாக மட்காமல் ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் படிவதே பீட். அதை வெட்டியெடுக்க நீரை வடித்தால், எஞ்சியதும் மட்கிக் கரியமில வாயுவாகிப் போய்விடும். அங்கே மறுபடி நீரைத் தேக்கி, அந்த ஈரத்திலேயே வளர்வதைப் பயிரிட்டு, பீட்டைக் கிளறாமல் மேலே உள்ளதை மட்டும் அறுப்பதுதான் பலூடிகல்ச்சர். நாணல் கூரை வேயப் போகும். சம்புக் கோரை, வீட்டுச் சுவர்களில் குளிர்தடுப்புப் பலகையாகும். ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்து ராம்ஸ்லோவில், பீட் வெட்டித் தீர்ந்த நிலத்தில் 2004-இல் ஸ்பேக்னம் பாசியைப் பரப்பினார்கள். தொட்டிச் செடிகளுக்குப் பீட் போடுவதற்குப் பதிலாக இந்தப் பாசியைப் போடலாம்.

இதற்கும் நெல்வயலுக்கும் என்ன உறவு? நாம் சேற்றை உழுகிறோம். அறுவடைக்கு முன் நீரை வடிக்கிறோம். இரண்டுமே அங்கே ஆகாதவை. ‘ஈரநிலம்’ என்ற சொல்லுக்குள் ஏரியும் அடக்கம், உப்பளமும் அடக்கம். ‘சதுப்புநில வேளாண்மை’ என்பாரும் உண்டு. வாசகர் நேரே பிச்சாவரத்துக்குப் படகேறிவிடுவார். சதுப்பிலெல்லாம் பீட் இருப்பதில்லை. பீட்டை ‘முற்றா நிலக்கரி’ என்பதோ அடுப்பெரிப்பவரின் பார்வை. அதோடு வேளாண்மையைச் சேர்த்தால் நெய்வேலிச் சுரங்கத்தில் நாற்று நடுவதுபோல் ஆகிவிடும்.

என் பரிந்துரை: பீட் உள்ள இடம் ‘மட்காநிலம்’, இந்தத் தொழில் ‘மட்காநிலச் சாகுபடி’. நிலம் மட்கக் கூடாது என்ற விதி பெயரிலேயே இருக்கிறது. ‘மக்காத குப்பை’ நினைவுக்கு வருமே என்பார்கள். வரட்டும், இரண்டு வரி படித்தால் போய்விடும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளோடு எழுந்துவிடுகிறார்கள், அந்த வயலில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. என் சொல் பிடிக்காவிட்டால் ‘பலூடிகல்ச்சர்’ என்றே எழுதட்டும். புரியாத சொல்லை வாசகர் தேடியாவது பார்ப்பார். ‘ஈரநில வேளாண்மை’யைத் தெரிந்ததுதானே என்று தாண்டிப் போய்விடுவார்.