எழுத்து முத்து முத்தா இருக்கு, படிக்கத்தான் வரமாட்டேங்குது

இந்தப் பருவத்தில் மறுபடியும் ஒரு பையன். மூன்றாம் வகுப்பு. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அம்மா தமிழ் நோட்டை நீட்டினார். "ஏனுங் டீச்சர், எழுத்தைப் பாருங்க, முத்து முத்தா இருக்குதுங்க. படிக்கத்தானுங்க வரமாட்டேங்குது."

நோட்டில் ஒரு பிழை இல்லை. அவன் எழுதிய வரியிலேயே நான்காவது சொல்லைத் தொட்டு, "இது என்ன கண்ணு?" என்று கேட்டேன். வரியை முதலிலிருந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடத்தில் நிறுத்திச் சொன்னான். இது வாசிப்பு இல்லை, மனப்பாடம். அரசுப் பள்ளி, மெட்ரிக் பள்ளி என்ற வித்தியாசமே இல்லாமல் இப்படிப் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அத்தனை பேர் வீட்டிலும் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: "நோட்டு நிறைய எழுதுறானுங்களே!"

பார்த்து எழுதுவது எழுதுவதே ஆகாது. எனக்குக் கன்னடம் தெரியாது. தாளவாடிப் பக்கம் வரும் கர்நாடகா பஸ்ஸின் போர்டைக் காட்டி, நிதானமாகப் பார்த்து எழுது என்றால் நானும் அழகாக வரைந்து கொடுத்துவிடுவேன். அதனால் எனக்குக் கன்னடம் படிக்க வந்துவிடுமா? கரும்பலகையைப் பார்த்து எழுதும் பிள்ளையும் அதைத்தான் செய்கிறது. கண் பார்க்கிறது, கை வரைகிறது, காதுக்கு அங்கே வேலையே இல்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் முடிச்சு விழாதவரை நூறு பக்கம் எழுதினாலும் பயனில்லை. தயவுசெய்து நோட்டின் கனத்தை வைத்துப் பிள்ளையை அளக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. சொல்வதை எழுதச் சொன்னபோது, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 'கெணறு', 'எல', 'கொட' என்று எழுதியிருந்தாள். யாரோ சிவப்பு மையில் சுழித்து, ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதச் சொல்லியிருந்தார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. நம் வீடுகளில் யார் 'கிணறு' என்கிறோம்? காதில் விழுந்த சொல்லை அவள் ஒலி ஒலியாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள். 'கொ' எழுத ஒற்றைக்கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால் என்பது வரை தெரிந்திருக்கிறது. பிழையே இல்லாமல் பார்த்தெழுதிய பையனைவிட இவள் எவ்வளவோ தூரம் முன்னால் இருக்கிறாள். "புத்தகத்தில் இப்படிப் போடுவாங்க சாமி" என்று பக்கத்தில் 'கிணறு' என்று எழுதிக் காட்டினால் போதும், தானாகச் சரியாகிவிடும். தண்டனை கொடுத்தால் அடுத்த முறை காதை மூடிக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்ப்பாள்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 247 எழுத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியதில்லை. 12 உயிரும் 18 மெய்யும் ஒலியோடு பதிந்து, கால், கொம்பு போன்ற குறிகள் புரிந்தால், 216 உயிர்மெய்யில் பெரும்பாலானவற்றைப் பிள்ளையே கட்டிக்கொள்ளும். சிக்கல் இரண்டு இடத்தில்தான். கொம்பு கண்ணுக்கு முதலில் தெரிகிறது, அதன் ஒலியோ கடைசியில் வருகிறது. அதை முந்தைய எழுத்தோடு ஒட்டிப் படித்துத் தடுமாறும் பிள்ளைகளைப் பாருங்கள். அப்புறம் உகர, ஊகார வரிசை. கு, சு, மு, து என்று எழுத்துக்கு எழுத்து வளைவு மாறும். அவசரப்படாமல் அதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள். தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததே, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கத்தான். பாடத்தை முடிக்கும் அவசரத்தில் அரும்பு நிலைப் பிள்ளைக்கு மலர் நிலைப் பாடத்தைக் கொடுத்துப் பார்த்தெழுத வைக்காதீர்கள்.

பெற்றோருக்கு. ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து பாடம் சொல்லிக் கொடுக்க நேரமில்லை என்பது தெரியும். பத்து நிமிடம் போதும். பாடப்புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமாகியிருக்கும். பஸ் போர்டில் பெருந்துறை, காங்கயம், அவிநாசி எது என்று கேளுங்கள். படத்தைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிக் கேளுங்கள். மளிகைச் சீட்டை நீங்கள் சொல்ல, பிள்ளை எழுதட்டும். 'சக்கரை' என்று எழுதினால் எழுதட்டும், கடைக்காரருக்குப் புரியும்.

பத்து முறை எழுது என்று வீட்டிலும் தண்டனை கொடுக்காதீர்கள். மற்றவர் முன்னால் மக்கு என்று சொல்லவே சொல்லாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தும் எழுத்துகள் தொடர்ந்து குழம்பினால், கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்க வேண்டும் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே அங்கீகரித்திருக்கிறது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

"நாலாவது போனா தானா வந்துருமுங்க" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். வயது ஏற ஏறப் பிள்ளை தெரியாததை மறைக்கக் கற்றுக்கொள்ளும், கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். இந்த வாரமே, அது இதுவரை பார்க்காத நாலு வரியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.