கத்தரிப் பூவை உலுக்குவது யார்?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மாடித் தோட்டத்தில் கத்தரி நிறையப் பூக்கிறது, பிஞ்சு பிடிக்காமல் கொட்டிவிடுகிறது. தேனீப் பெட்டி வாங்கி வைக்கட்டுமா?"

வேண்டாம். வெயில், தண்ணீர் என்று பல காரணங்களால் பூ கொட்டும். சூல்தண்டு (பூவின் நடுவில் நிற்கும் பெண் பாகம்) குட்டையான பூக்கள் பெரும்பாலும் காய்ப்பதே இல்லை. மகரந்தம் சேராததுதான் குறை என்றால், பெட்டித் தேனீயால் பெரிய பயனில்லை.

அன்று மலர்ந்த கத்தரிப் பூ ஒன்றைக் கையில் எடுங்கள். நடுவில் மஞ்சளாகக் கூடி நிற்பவை மகரந்தப் பைகள். பல பூக்களில் பை நெடுக வெடித்து, மகரந்தம் வெளியே கிடக்கும். கத்தரியில் பையின் நுனியில் இரண்டு சின்ன ஓட்டைகள் மட்டும். மிளகுத்தூள் டப்பா மாதிரி உலுக்கினால்தான் கொட்டும். காற்று கொஞ்சம் உலுக்கும். நன்றாக உலுக்கத் தெரிந்தவை கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும். கருவண்டு என்று நாம் சொல்வதும் தேனீ இனம்தான்.

எப்படி உலுக்குகிறது? தேனீயின் பறக்கும் தசைகள் சிறகை நேரடியாக இழுப்பதில்லை. மார்புக்கூட்டை மாற்றி மாற்றி அமுக்குகின்றன, அந்த அசைவில் சிறகு அடிக்கிறது. கருவண்டு பூவில் தொங்கி, பைகளைக் கட்டிப்பிடித்து, சிறகுகளை முதுகோடு மடித்துக்கொள்கிறது. பிறகு தசையை மட்டும் ஓட்டுகிறது. நியூட்ரலில் நிற்கும் வண்டியில் ஆக்ஸிலேட்டரை முறுக்குவது போல! நொடிக்குச் சில நூறு அதிர்வுகள். பைக்குள் மகரந்தத்தூள் சுவரில் மோதி மோதி வேகம் பிடித்து, ஓட்டை வழியே புகைபோல வண்டின் வயிற்றில் பீய்ச்சுகிறது. பக்கத்தில் நின்றால் காதிலேயே தெரியும்: பறக்கும்போது தாழ்ந்திருந்த ரீங்காரம் பூவில் உட்கார்ந்ததும் சட்டென்று சுருதி ஏறும். ஆவாரம் பூவிலும் இதே கதைதான். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை வராது.

கருவண்டு காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் குடைந்து குடியிருக்கும். நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில், அழகுக்காக, பட்டுப்போன கிளைகளையெல்லாம் வெட்டி, மண்தரை முழுக்கச் சிமெண்ட் கல் பதித்துவிட்டார்கள். அப்புறம் வண்டு எங்கே தங்கும்? கருவண்டு வீட்டுக்குள் வந்தால் கெட்ட சகுனம் என்று துடைப்பத்தால் அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கிறது. எந்தப் பூவுக்கு எந்த வண்டு வருகிறது என்று மாணவர்கள் உட்கார்ந்து எண்ணுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அந்தச் சின்ன ஆய்வுகளுக்கும் கல்லூரிகள் பணம் ஒதுக்க வேண்டும்.

வீட்டில் துளசி வையுங்கள், நீலப்பட்டைத் தேனீ தேடி வரும். காய்ந்த மூங்கில் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். கையகல மண்ணைக் கொத்தாமல் விடுங்கள். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து அடிக்காதீர்கள். சாயங்காலம் துளசிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆண் தேனீக்கள் காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும்.

அவை வரும்வரை பேட்டரி டூத்பிரஷ் போதும். காலையில் அதன் பின்பக்கத்தைப் பூக்காம்பில் ஒரு நொடி வைத்து எடுங்கள். கீழே கறுப்புத் தாளைப் பிடித்தால், மகரந்தம் மாவாகக் கொட்டுவது தெரியும்.