பழைய பிளேஸ்டேஷனை மானிட்டரில் மாட்டும் முன்

பரணில் கிடந்த பிளேஸ்டேஷன் 2-ஐ இறக்கித் தூசி தட்டி, கம்ப்யூட்டர் மானிட்டரில் மாட்டலாம் என்று கிளம்புபவர்கள் இப்போது நிறையப் பேர். கன்சோலில் எச்டிஎம்ஐ இல்லை, மானிட்டரில் ஏவி சாக்கெட் இல்லை. நடுவில் வைக்க மலிவாக ஏதாவது கிடைக்குமா என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ஜிபிஎஸ் 8200 என்ற போர்டு. கன்சோலின் படச் சிக்னலை மானிட்டரின் விஜிஏ சாக்கெட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும். ஆர்கேட் மெஷினில் (காசு போட்டு ஆடும் கேம் மெஷின்) செத்துப்போன டியூப் மானிட்டருக்குப் பதிலாக விஜிஏ மானிட்டர் வைப்பதற்காக வந்த போர்டு அது. நல்ல போர்டுதான், விலைக்கு மேலேயே வேலை செய்யும். ஆனால் சர்வீஸ் பெஞ்சுக்குச் செத்து வருவதில் பாதிக்கு மேல் தானாகச் செத்தது இல்லை, மாட்டிய விதத்தில் செத்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கேபிள். இந்தப் போர்டுக்கு மஞ்சள் பிளக்கில் வரும் காம்போசிட் சிக்னல் புரியாது. பச்சை சாக்கெட்டில் மஞ்சளைச் சொருகிவிட்டு, படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, போர்டு டூப்ளிகேட் என்று சண்டைக்கு வருகிறார்கள். பிளேஸ்டேஷன் 2-க்குக் காம்போனென்ட் கேபிள், அதாவது படத்தை மூன்று ஒயராகப் பிரித்து அனுப்பும் கேபிள், தனியாக வாங்க வேண்டும். அதில் ஐந்து பிளக் இருக்கும், அதில் சிவப்பு மட்டும் இரண்டு. ஒன்று படத்துக்கு, இன்னொன்று வலது பக்க ஒலிக்கு. பச்சை, நீலத்தோடு ஒரே கொத்தாக வருவதுதான் படத்துக்கானது. கன்சோலின் சிஸ்டம் செட்டிங்கிலும் காம்போனென்ட் அவுட்புட்டை ஆர்ஜிபியிலிருந்து Y Cb/Pb Cr/Pr என்பதற்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நிறம் தாறுமாறாக வரும், அல்லது படமே வராது. பழைய மஞ்சள் கேபிளில் டிவியில் மாட்டி இதை மாற்றி வைத்துவிட்டு அப்புறம் புதுக் கேபிளைப் போடுங்கள்.

அடுத்தது கரன்ட். இதில்தான் உண்மையான ஆபத்து. போர்டுக்கு 5 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் வரை டிசி போதும். முனை பொருந்துகிறதே என்று கையில் கிடைத்த அடாப்டரைப் போடாதீர்கள். சேகாவின் முதல் மாடல் மெகா டிரைவ் கன்சோல் அடாப்டரில் நடு முனை மைனஸ், போர்டுக்கு வேண்டியதற்கு நேர் எதிர்; நின்டெண்டோவின் பழைய 8 பிட் கன்சோலுக்கு வந்த அடாப்டர் ஏசியையே வெளியே தரும். அடாப்டர் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் பிளஸ் மைனஸ் குறியைப் பாருங்கள், அதோடு மல்டிமீட்டரை வைத்தும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று, இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. பிளேஸ்டேஷன் 2-க்கு இரண்டு பின் பவர் கார்டுதான், எர்த் கிடையாது. அதனால் பவர் சப்ளையின் சின்ன லீக்கேஜ் வெளி உலோகத்தில் தேங்கி நிற்கும், டெஸ்டரை வைத்தால் லேசாக மின்னும். மானிட்டர் மூன்று பின், எர்த்தோடு சேர்ந்தது. ஏவி பிளக்கைப் பாருங்கள், நடு முள் நீட்டிக்கொண்டிருக்கும். சொருகும்போது வெளி வளையத்துக்கு முன்னால் அந்த முள்தான் சாக்கெட்டைத் தொடும், அதாவது லீக்கேஜ் முதலில் சிக்னல் வழியாகத்தான் பாயும். கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினால் ஏதோ ஒரு நாள் போர்டோ, கன்சோலின் வீடியோ சிப்போ போய்விடும். எல்லாக் கேபிளையும் மாட்டி முடித்த பிறகுதான் சுவிட்ச். கழற்றும்போதும் முதலில் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பெட்டி இல்லாமல் வெறும் போர்டாக வருவதை இரும்பு மேசைமேல் வைக்காமல் இருப்பதும் முக்கியம்.

படத்தின் தரத்துக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 1, சூப்பர் நின்டெண்டோ காலத்து ஆட்டங்கள் பெரும்பாலும் 240 கோடுகள் கொண்ட முழுப் படத்தை அனுப்பும். போர்டில் வரும் மென்பொருள் அதை, டிவியில் ஒன்றுவிட்டு ஒரு கோடாக வரும் பாதிப் படம் என்று நினைத்து இரண்டிரண்டாகக் கோத்துவிடும். ஓடும் உருவத்தின் ஓரம் பிசிறடிக்கும், அடிபட்டதும் மின்னி மின்னித் தெரிய வேண்டிய ஹீரோ கோடு கோடாகத் தெரிவான். இதற்கு ஜிபிஎஸ் கண்ட்ரோல் என்ற இலவசத் திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. இஎஸ்பி 8266 வைஃபை மாட்யூல் ஒன்றைச் சில ஒயர்களால் பற்றவைத்து, போர்டில் ஒரு ஜம்பரைச் சேர்த்தால், போன் பிரவுசரிலேயே எல்லாவற்றையும் மாற்றலாம். 240 கோட்டை 240 கோடாகவே புரிந்துகொள்ளும், பட்டனை அழுத்தியதற்கும் படத்தில் தெரிவதற்கும் நடுவிலான தாமதமும் குறையும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இது ஏற்கெனவே போட்டு விற்பதை வாங்குங்கள், கூடுதல் பணம் வீண் இல்லை.

நம் ஊரில் விற்ற பிளேஸ்டேஷன் 2, பால் (PAL) என்ற டிவி முறை, அதாவது நொடிக்கு 50 முறை படம் புதுப்பிக்கும் 50 ஹெர்ட்ஸ். பல மானிட்டர்கள் 50-ஐ ஏற்காமல் கறுப்பாகிவிடும். ஆட்டம் தொடங்கும்போது 50-ஆ 60-ஆ என்று கேட்டால் 60-ஐத் தேர்ந்தெடுங்கள். விஜிஏவில் ஒலி போகாது, வெள்ளை, சிவப்பு இரண்டையும் ஸ்பீக்கருக்குத் தனியாகக் கொண்டுபோக வேண்டும். படம் அகலமாக இழுபட்டுத் தெரிந்தால் அது போர்டின் கோளாறு இல்லை, மானிட்டர் மெனுவில் 4:3 என்று மாற்றினால் சரியாகிவிடும்.