இக்கெஜிமே: பொருளும், பிறப்பும், தமிழும்

ஜப்பானில் இருக்கும் உயர்தர பிரெஞ்சு உணவகங்களில், பட்டியலில் பிரெஞ்சுச் சொற்களுக்கு நடுவே 'இக்கெஜிமே' என்ற ஜப்பானியச் சொல் ஒன்று வரும். இப்போது பிரான்சிலேயே, பிரிட்டனி கடற்கரையில் தூண்டில் போடும் மீனவர்களும் அவர்களிடம் வாங்கும் சமையற்கலைஞர்களும் இதை மொழிபெயர்க்காமல் அப்படியே சொல்கிறார்கள். தமிழில் இதற்கு 'புதிய மீன்' என்று எழுதினால் பொருள் பாதி கூட வராது, ஏனென்றால் இது மீனின் புதுமையைக் குறிக்கும் சொல்லே இல்லை, மீனைக் கொல்லும் முறையைக் குறிக்கும் சொல்.

'இக்கெரு' என்றால் உயிரோடு வைத்திருப்பது. 'ஷிமெரு' என்றால் இறுக்குவது, மூடுவது. கோழியின் கழுத்தைத் திருகுவதற்கும் இதே வினைதான். இரண்டும் சேரும்போது 'ஷி' மெலிந்து 'ஜி' ஆகிவிடுகிறது, நம் புணர்ச்சி விதி மாதிரி அங்கேயும் ஒன்று உண்டு. ஆக, உயிரோடு கொண்டுவந்த மீனை ஒரு நொடியில் முடிப்பது என்பதே நேர்ப்பொருள்.

செய்முறை இதுதான்: கண்ணுக்குச் சற்றுப் பின்னால் மேலே, மூளை இருக்கும் இடத்தில் கூர்முனையைச் செலுத்துவார்கள். செவுளையும் வாலடியையும் வெட்டி ரத்தத்தை வடிப்பார்கள். முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தில் மெல்லிய கம்பியை விட்டு நரம்பை அழிப்பதும் உண்டு, அதற்கு 'ஷின்கெய்ஜிமே' என்று தனிப்பெயர், 'ஷின்கெய்' என்றால் நரம்பு. அப்புறம் பனிநீரில் குளிர வைப்பார்கள்.

ஏன் இவ்வளவு பாடு? மூச்சுத் திணறித் துடித்துச் சாகும் மீன், தசையில் சேர்த்து வைத்த ஏடிபி என்ற ஆற்றல் பொருளைத் துடிப்பிலேயே செலவழித்துவிடும், லாக்டிக் அமிலம் கூடும், உடல் சீக்கிரம் விறைக்கும். துடிக்காமல் இறந்த மீனில் அந்த ஏடிபி மிச்சம் இருக்கும், விறைப்பு தள்ளிப்போகும், பிறகு அதே ஏடிபி படிப்படியாகச் சிதைந்து இனோசினிக் அமிலமாக மாறும். கட்சுவோபுஷி என்னும் ஜப்பானிய மாசிக் கருவாட்டின் சுவைக்குக் காரணம் இதுதான் என்று கொதாமா ஷின்தாரோ 1913இல் கண்டறிந்த அதே பொருள். அதனால்தான் இப்படிக் கொன்ற மீனைச் சமையற்காரர் அன்றே சமைக்காமல் சில நாள் குளிரில் வைத்துச் சுவை ஏறவிட முடிகிறது. 'புதிய மீன்' என்று எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

இந்த முறைக்குப் பேர்போன ஊர் ஹியோகோ மாநிலத்தின் அகாஷி. காலையில் பிடித்த மீன் அங்கே 'ஹிருஅமி' என்னும் நண்பகல் ஏலத்துக்கு உயிரோடு வரும். ஓட்டம் மிகுந்த அகாஷி நீரிணையில் வளர்ந்த 'தாய்' மீன், நம் சங்கராவைப் போல் சிவப்பாக இருக்கும், அதற்குத்தான் தனி மதிப்பு.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்ளூர்க் கடலை நம்பி நடக்கும் எல்லா பிரெஞ்சுச் சமையலும் இக்கெஜிமே இல்லை. மியே மாநிலத்தில், 1951இல் திறந்த ஷிமா கான்கோ ஹோட்டலின் 'லா மேர்' உணவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பெயருக்கே 'கடல்' என்றுதான் பொருள். அங்கே தலைமைச் சமையற்காரராக இருந்த தகஹாஷி ததாயுகி புகழ்பெறச் செய்தது சிங்கி இறால் கிரீம் சூப்பும், அவாபி என்னும் ஒற்றை ஓட்டுக் கடல் நத்தையின் ஸ்டேக்கும். 2016இல் ஜி7 தலைவர்கள் அங்கே கூடியபோது சமையலறையை நடத்தியவர் ஹிகுச்சி ஹிரோயே. அந்த இறால் சூப்புக்கும் நத்தை ஸ்டேக்கும் இந்தச் சொல் பொருந்தாது, இது பெரும்பாலும் மீனுக்கே வழங்குவது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'உயிர்க்கொலை' என்றால் வேறு பொருள் வந்துவிடும். 'உயிரடக்கம்' யோகிகளை நினைவூட்டும். என் தேர்வு 'துடிப்படக்கல்'. 'ஷிமெ'யின் இறுக்கி முடிக்கும் பொருள் 'அடக்கல்' என்பதில் வந்துவிடுகிறது, செய்வதன் நோக்கம் 'துடிப்பு' என்பதில் இருக்கிறது. இதே வழியில் ஷின்கெய்ஜிமேயை 'நரம்படக்கல்' எனலாம். கட்டுரையில் முதல் இடத்தில் 'இக்கெஜிமே என்னும் துடிப்படக்கல்' என்று எழுதிவிட்டு, அடுத்து வரும் இடங்களில் 'துடிப்படக்கிய மீன்' என்றே தொடரலாம்.