வாத்தியாருக்கு அபராதம்

"மாணவர்கள் ஒழுங்காகக் காசு கொடுப்பதில்லை. எல்லாம் தெரிந்துகொள்ள ஆசை, கட்டணம் கட்ட மட்டும் மனம் வராது." 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோனியாவில் ரோமானியச் சட்டம் நடத்திய ஒடோஃப்ரெடுஸ், பாடம் முடிகிற நாளில் இந்த அர்த்தத்தில் வகுப்பிலேயே புலம்பினார். அடுத்த ஆண்டு வழக்கமான வகுப்பு மட்டும்தான், கூடுதல் வகுப்பு கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

அவர் புலம்பியதில் நியாயம் இருக்கிறது. அவருக்குச் சம்பளம் போட நிர்வாகம் கிடையாது, மாணவர்கள் கொடுப்பதுதான் வருமானம். வளாகமும் கிடையாது. ஆசிரியரின் வீடோ வாடகைக் கூடமோதான் வகுப்பறை.

பல்கலைக்கழகத்தை 'யூனிவர்சிட்டி' என்கிறோமே, அதன் மூலச்சொல்லான லத்தீன் 'யூனிவர்சிட்டாஸ்' என்றால் சங்கம், அவ்வளவுதான். பொலோனியாவில் அந்தச் சங்கம் மாணவர்களுடையது. சட்டம் படிக்க ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்தவர்கள் பலர், வயதில் பெரியவர்கள், கையில் பணம் இருந்தவர்கள். ஆனால் வெளியூர்க்காரர் என்பதால் நகரச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. எவனோ ஒரு ஊர்க்காரன் வாங்கிய கடனை அதே ஊர்க்காரன் இன்னொருவனிடம் பிடுங்குகிற வழக்கம் இருந்தது. அதைத் தடுத்து 1150களில் பேரரசர் பிரடெரிக் பார்பரோசா ஆணையே போட வேண்டியிருந்தது. ஆகவே வெளியூர் மாணவர்கள் ஒன்றுசேர்ந்து வீட்டு வாடகைக்குப் பேரம் பேசினார்கள். பிறகு அதே பேரத்தை ஆசிரியரிடம் திருப்பினார்கள். ஒத்துவராவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். 1222இல் அப்படிப் போனவர்களால் உருவானதுதான் படுவா பல்கலைக்கழகம்.

ஆசிரியர் மாணவர் தலைவருக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். ஒருநாள் வகுப்புக்கு வராதிருக்கவும் அனுமதி கேட்க வேண்டும். மணி அடித்த பிறகு ஒரு நிமிடம்கூட இழுக்கக் கூடாது. ஐந்து பேராவது வகுப்பில் இல்லையென்றால் அவரே வரவில்லை என்று கணக்கெழுதி அபராதம் போடுவார்கள்.

பாடத்திட்டம் பிறந்ததும் இந்தக் கெடுபிடியில்தான். சட்டநூலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இன்ன பகுதியை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஆசிரியர் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தொகையைக் கட்டிவைக்க வேண்டும். பாடம் பின்தங்கினால் அதிலிருந்து கழியும். கடினமான இடத்தைத் தாண்டிக் குதிப்பதும் குற்றம். இதையெல்லாம் கவனித்துப் போட்டுக்கொடுக்க மாணவர்களிலேயே ஒற்றர்கள் இருந்தார்கள். பணியாளர் மதிப்பீட்டுப் படிவம் இதைவிட நாகரிகமானது.

ஆசிரியர்கள் கையில் ஒன்று மட்டும் மிஞ்சியது: தேர்வு. யாருக்குப் பட்டம் என்பதை ஆசிரியர்களுக்கென்று இருந்த தனிச் சங்கமே முடிவுசெய்தது. தேறியவரை நாற்காலியில் உட்காரவைத்து, திறந்த புத்தகமும் மோதிரமும் தொப்பியும் கொடுப்பார்கள். ஹார்வர்டில் தமிழுக்கு 'இருக்கை' என்கிறோமே, அதன் பூர்வீகம் இந்த நாற்காலிதான். 'ப்ரொஃபசர்' என்பதற்கும் பெரிய ஆசிரியர் என்று பொருளில்லை. பலர் முன் வெளிப்படையாக அறிவிப்பவர், அவ்வளவே.

பாரிஸில் கதை தலைகீழ். அங்கே சங்கம் ஆசிரியர்களுடையது. மாணவர்கள் வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொள்ளும்படி மெதுவாகச் சொல்லக் கூடாது, வேகமாகப் பேச வேண்டும் என்று 1355இல் ஆசிரியர்களுக்கு விதி போட்டார்கள். அதை எதிர்த்துக் கூச்சல் போடுகிற, கல்லெறிகிற மாணவர்களுக்குத் தண்டனையும் அதே விதியில் உண்டு. கல் எறிந்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

பொலோனியாவில் மாணவர் பிடியைத் தளர்த்தியது பணம்தான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகராட்சி ஆசிரியர்களுக்குச் சம்பளம் தரத் தொடங்கியது. நல்ல ஆசிரியர் இருந்தால் மாணவர் வருவார்கள், ஊருக்கு வியாபாரம் நடக்கும். சம்பளம் கொடுத்தவர்களிடம் அதிகாரமும் மெல்லப் போய்ச் சேர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் லொரென்சோ த வொல்தொலினா என்ற ஓவியர் ஒரு வகுப்பறையை வரைந்திருக்கிறார். உயர்ந்த இருக்கையில் ஆசிரியர். முன்வரிசை புத்தகத்தைப் பார்க்கிறது, பின்வரிசை கதை பேசுகிறது, ஒருவர் மேசையில் சாய்ந்து தூங்குகிறார்.